மொட்டை மாடித் தொட்டியும் ஆறு லட்சம் மில்லி செகண்டும்

எங்கள் வீடு தேவனாம்பட்டினம் போகும் சாலையில் இருக்கிறது. நடந்தால் பத்து நிமிடத்தில் கடல். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் அருகே கரை கடந்தபோது எங்கள் தெருவில் பல நாள் கரண்ட் இல்லை. அப்போது குடம் தூக்கித் தூக்கி ஓய்ந்துபோன என் மாமியாருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கரண்ட் இருக்கும்போதே தொட்டியை நிரப்பிவிட வேண்டும். கரண்ட் போய் வந்தால் முதல் வேலையாக மோட்டார் சுவிட்சைப் போடுவார். போட்டதை மறந்துவிடுவார். தொட்டி வழிந்து, பக்கத்து வீட்டு அக்காவின் கொடியில் காயும் துணி அத்தனையும் நனையும். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அக்கா என் பெயரைக் கூப்பிடும் விதத்திலேயே என்ன நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

நான் பி.காம். படித்தவள். முதுநகரில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மைக்ரோகன்ட்ரோலர், அதாவது ஒரே சிப்புக்குள் அடங்கிய குட்டிக் கணினி, என்ற சொல்லையே நாற்பத்திரண்டு வயதில்தான் கேட்டேன். என் அக்கா மகன் கல்லூரிப் புராஜெக்டை முடித்துவிட்டு, ஒரு அட்டைப்பெட்டியை எங்கள் பரண்மேல் போட்டுவிட்டு வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டான். உள்ளே கட்டைவிரல் நீளத்துக்கு, அப்படி ஒரு சிப் உட்கார்ந்திருக்கும் ஆர்டுயினோ நானோ போர்டு, சால்டர் வைக்காமல் ஒயரைச் செருகிப் பார்க்கும் ஓட்டைப் பலகையான ஒரு பிரெட்போர்டு, கலர் கலராக ஒயர், பெயர் தெரியாத பத்து இருபது சாமான்.

"தொட்டி நிரம்பினா சத்தம் போடற மாதிரி இதை வெச்சு ஏதாவது செய்ய முடியுமாடா?" என்று போனில் கேட்டேன்.

"அதெல்லாம் சப்பை மேட்டர் சித்தி. ஒரு ஞாயித்துக்கிழமை வேலை."

எனக்கு ஏழு மாதம் ஆனது. அதில் புரோகிராம் எழுதியதற்கு ஒரு மாதம் போயிருக்கும். மிச்சம் ஆறும் ஒயரோடும் தண்ணீரோடும் உப்போடும் மல்லுக்கு நின்றதில் போனது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் எல்லோரும் கோடிங் கஷ்டமாக இருக்குமோ என்றுதான் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டிய இடம் அது இல்லை.

முதல் வாரம் முழுக்கக் கணினி போர்டைக் கண்டுகொள்ளவே இல்லை. போர்டில் விளக்கு எரிகிறது, ஆனால் புரோகிராம் எழுதி ஏற்றும் ஆர்டுயினோ மென்பொருளில், போர்டு எந்த வாசலில் மாட்டியிருக்கிறது என்று காட்டும் 'போர்ட்' என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. மூன்று முறை மென்பொருளை அழித்துத் திரும்ப ஏற்றினேன். கடைசியில் பார்த்தால் கோளாறு கேபிளில். பழைய ஸ்பீக்கர் ஒன்றைச் சார்ஜ் செய்ய வந்த கேபிள் அது. யு.எஸ்.பி. கேபிளுக்குள் நான்கு ஒயர் இருக்க வேண்டும். இரண்டு கரண்டுக்கு, இரண்டு பேச்சுக்கு. சார்ஜுக்கு மட்டும் என்று செய்யும் மலிவுக் கேபிளில் பேச்சு ஒயர் இரண்டும் இருக்காது. கேபிளை மாற்றியபின் இன்னொரு சிக்கல்: நகல் போர்டுகளில் பெரும்பாலும் சி.எச்.340 என்ற சிப் இருக்கும், சில கணினிகளில் அதற்கான டிரைவரைத் தனியாகப் போட வேண்டும். அதையும் போட்டேன். போர்ட் தெரிந்தது, புரோகிராம் ஏறவில்லை. புராசசர் என்ற மெனுவில் 'ஓல்ட் பூட்லோடர்' என்று முடியும் வரியைத் தேர்ந்தெடுத்தபின் ஏறியது. நகல் நானோ வைத்திருக்கும் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் போர்டு செத்துவிட்டது என்று நினைத்துப் பெட்டியை மூடுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

ஏற்றியது 'பிளிங்க்' என்ற புரோகிராம். மென்பொருளிலேயே உதாரணமாக இருக்கிறது, நாம் ஒரு எழுத்தும் எழுத வேண்டாம். போர்டின் மேலேயே 13ஆம் எண் காலோடு (ஒயர் மாட்டும் முனையைக் கால் என்கிறேன்) சேர்ந்த ஒரு குட்டி எல்.இ.டி. இருக்கிறது, அது ஒரு விநாடி எரியும், ஒரு விநாடி அணையும். ஆனால் புதுப் போர்டில் இந்தப் புரோகிராமை ஏற்கெனவே ஏற்றித்தான் பெரும்பாலும் அனுப்புகிறார்கள். அதனால் மினுக்குவதைப் பார்த்து ஏமாறக்கூடாது. உள்ளே இருக்கும் 1000 என்ற எண்ணை 100 ஆக்கி மறுபடி ஏற்ற வேண்டும். மினுக்கல் படபடவென்று மாறினால்தான் நாம் சொல்வது அதன் காதில் விழுகிறது என்று அர்த்தம். ராத்திரி பதினோரு மணிக்கு அது படபடத்தபோது மாமியாரை எழுப்பிக் காட்டினேன். "இதுக்கா இத்தனை நாள்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இந்தப் போர்டைப் பற்றி நான்கு வரி சொல்லிவிடுகிறேன். மேலே இருக்கும் கறுப்புச் சதுரம் ஏ.டி.மெகா328பி என்ற சிப். அதில் புரோகிராமுக்கு 32 கிலோபைட் இடம், வேலை பார்க்கும்போது எழுதி அழித்துக்கொள்ள 2 கிலோபைட் இடம். நம் போனில் எடுக்கும் ஒரு போட்டோ இதைவிட நூறு மடங்கு பெரிது. விண்டோஸ், ஆண்ட்ராய்டு மாதிரி எதுவும் உள்ளே கிடையாது. கரண்ட் வந்ததும் 'செட்டப்' என்ற பகுதியை ஒரே ஒரு முறை செய்யும், பிறகு 'லூப்' என்ற பகுதியைக் கரண்ட் போகும்வரை திரும்பத் திரும்பச் செய்யும். எனக்கு இது சட்டென்று புரிந்தது. செட்டப் என்பது வருட ஆரம்பத்தில் எழுதும் ஆரம்ப இருப்பு, லூப் என்பது தினசரி வரவு செலவு. ஆர்டுயினோவை 2005இல் இத்தாலியில் இவ்ரியா என்ற ஊரில் உருவாக்கியதே எலக்ட்ரானிக்ஸ் படிக்காத டிசைன் மாணவர்களுக்காகத்தான் என்று தெரிந்தபோது கொஞ்சம் தைரியம் வந்தது. அந்தப் பெயர் அந்த ஊரில் இருந்த ஒரு பாரின் பெயராம்.

மஞ்சக்குப்பத்தில் மிக்ஸியும் யு.பி.எஸ்.ஸும் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். எனக்குக் குரு என்றால் அவர்தான். "கோடிங் எல்லாம் எனக்குத் தெரியாதும்மா, கரண்ட் தெரியும்" என்பார். நான் கொண்டுபோன பிரெட்போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மல்டிமீட்டரை பீப் சத்தம் வரும் இடத்தில் வைத்து என் கையில் கொடுத்தார். "எந்த ஓட்டை எந்த ஓட்டையோட சேர்ந்திருக்குன்னு நீயே கண்டுபிடி."

அரை மணி நேரம் குத்திக் குத்திப் பார்த்தேன். நடுவில் ஓடும் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் ஐந்து ஓட்டை ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஐந்து ஓட்டை இன்னொரு குடும்பம். ஓரத்தில் நீளமாகப் போவது கரண்டுக்கு. என் போர்டில் அந்த ஓர வரிசை பாதி வழியில் அறுந்திருந்தது, வெளியே பார்த்தால் தெரியாது. எல்லாப் போர்டிலும் அப்படி இருக்காது. அது தெரியாமல் வீட்டில் நான் இரண்டு நாள் புரோகிராமைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன். மல்டிமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே இறங்காதீர்கள். சென்சார் கிட் என்று முப்பத்தேழு சாமான் போட்டு விற்கிறார்களே, அந்தக் காசில் ஒரு சுமாரான மல்டிமீட்டர் வாங்கலாம். அந்த முப்பத்தேழில் முப்பதை வாழ்நாளில் தொடமாட்டீர்கள்.

எல்.இ.டி.க்கு ஏன் ரெசிஸ்டர் என்ற கணக்கையும் அவர் கடையில் பில் புக்கின் பின்பக்கத்தில்தான் போட்டோம். போர்டின் காலில் 5 வோல்ட் வருகிறது. சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 3. அதை 220 ஓமால் வகுத்தால் 13.6 மில்லி ஆம்பியர். சிப்பின் ஒரு காலில் 20 மில்லி ஆம்பியர் வரை நிம்மதியாக எடுக்கலாம், 40 என்பது தாண்டவே கூடாத கோடு. ரெசிஸ்டர் போடாமல் நேராக மாட்டினால் எல்.இ.டி. பிரகாசமாக எரியத்தான் செய்யும். அதுதான் ஆபத்து. சரியாக இருப்பதுபோல் தெரியும், உள்ளே கால் செத்துக்கொண்டிருக்கும். 220 ஓம் ரெசிஸ்டரின் மேல் இருக்கும் வண்ணக் கோடுகள் சிவப்பு, சிவப்பு, பிரவுன். இந்த ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும், மற்றதற்கு மீட்டர் இருக்கிறது.

அடுத்தது பட்டன். அமுக்கினால் விளக்கு எரிய வேண்டும். என் விளக்கு நான் பட்டன் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே எரிந்தது. ஃபேனைப் போட்டால் எரிந்தது. ஏதோ சேட்டை என்றே நினைத்தேன். விஷயம் இதுதான்: பட்டனை அமுக்காதபோது அந்தக் கால் எதிலும் சேராமல் அந்தரத்தில் தொங்குகிறது. 0 வோல்ட்டும் இல்லை, 5 வோல்ட்டும் இல்லை. காற்றில் வரும் கரண்டு இரைச்சலை எல்லாம் பிடித்துக்கொண்டு தன்னிஷ்டத்துக்குப் பதில் சொல்கிறது. சிப்புக்கு உள்ளேயே அந்தக் காலை 5 வோல்ட் பக்கம் லேசாக இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர் ஒன்று இருக்கிறது. புரோகிராமில் வெறும் 'இன்புட்' என்று எழுதாமல் 'இன்புட் புல்லப்' என்று எழுதினால் அது வேலைக்கு வரும். பட்டனின் மறு முனையை கிரவுண்டில், அதாவது 0 வோல்ட் காலில், கட்ட வேண்டும். அப்போது கணக்கு தலைகீழாகும், அமுக்கினால் 0, விட்டால் 1. ஒரு நாள் குழப்பும், பிறகு பழகிவிடும்.

அப்புறம் துள்ளல். பட்டனை ஒரு தடவை அமுக்கினால் எண்ணிக்கையில் மூன்று, நான்கு என்று ஏறியது. உள்ளே இருக்கும் தகடு ஒட்டும்போது சில மில்லி செகண்ட் குதித்துக் குதித்து ஒட்டுகிறது. நம் கண்ணுக்கு ஒன்று, விநாடிக்கு 1.6 கோடி துடிப்பில் ஓடும் சிப்புக்கு அது நாலு. முதல் அமுக்கலைப் பார்த்ததும் 50 மில்லி செகண்ட் காதைப் பொத்திக்கொள் என்று எழுதினால் சரியாகிவிடும். இந்தப் பாடம் தொட்டியில் எனக்குத் திரும்பவும் உதவியது.

இவ்வளவும் நடக்கும்போது உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்க்க ஒரே ஜன்னல் சீரியல் மானிட்டர். நான் அதை டே புக் மாதிரி வைத்துக்கொண்டேன். எந்தக் காலில் என்ன எண், எத்தனை மணித்துளியில், எல்லாவற்றையும் எழுதச் சொல்லிவிடுவேன். அதில் கோணல் மாணலாகப் புரியாத எழுத்து வந்தால் பயப்பட வேண்டாம். புரோகிராமில் 9600 என்றும் ஜன்னலில் வேறு வேகம் என்றும் இருக்கும், இரண்டையும் ஒன்றாக்கினால் போதும்.

சரி, தொட்டிக்கு வருகிறேன்.

மொட்டை மாடியிலிருந்து சமையலறைக்குப் பழைய டெலிபோன் ஒயரை இறக்கினேன். ஒரு ஒயரின் செப்பு முனை தொட்டியின் அடியில், கிரவுண்டில் கட்டியது. இன்னொன்று விளிம்புக்குக் கீழே நான்கு விரல் அளவில், புல்லப் போட்ட காலில் கட்டியது. தண்ணீர் மேல் ஒயரைத் தொட்டால் இரண்டுக்கும் நடுவே தண்ணீரே ஒயர் ஆகிவிடும், கால் 0 ஆகும், சமையலறையில் பஸர் கத்தும். எங்கள் போர் தண்ணீரில் உப்பு தாராளம், கரண்டு நன்றாகவே கடந்தது. மோட்டார் போடும் நிமிடத்தில் மட்டும் பஸர் பொய்யாக ஒரு கத்து கத்தியது. நீள ஒயர் இரைச்சலைப் பிடிக்கிறது. இரண்டு விநாடி தொடர்ந்து 0 இருந்தால்தான் நம்பு என்று எழுதினேன், அடங்கியது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு அன்றைக்குக் கேசரி கொடுத்தேன்.

இரண்டு மாதம் ஓடியது. ஒரு நாள் வேலையில் இருக்கும்போது போன். துணி நனைந்திருக்கிறது.

மாடிக்கு ஏறித் தொட்டி மூடியைத் திறந்தேன். மேல் ஒயரின் செப்பு முனையைக் காணவில்லை. பச்சையாக ஒரு பிசுக்கு, அதற்கு மேல் வெறும் பிளாஸ்டிக் உறை. அடி ஒயரை இழுத்துப் பார்த்தால் அதன் முனை தேயவே இல்லை, சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகக் கட்டி தட்டியிருந்தது. ஒன்று கரைந்திருக்கிறது, இன்னொன்றில் படிந்திருக்கிறது. பள்ளியில் படித்த மின்னாற்பகுப்பு என் தொட்டியில் அறுபது நாள் இரவும் பகலும் நடந்திருக்கிறது. ஒரே திசையில் கரண்ட் ஓடினால் நேர்முனையில் இருக்கும் செம்பு கரைந்துதான் தீரும். ஓடியது ஒரு மில்லி ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனால் மற்ற வீட்டில் தொட்டி நிரம்பி ஒரு மணி நேரத்தில் மட்டம் இறங்கும், என் மாமியார் வீட்டில் தொட்டி எப்போதும் நிரம்பியே இருக்கும். அந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் பாத்திரம் கழுவவும் புழங்கினோம் என்பதை மாமியாரிடம் சொல்லவில்லை.

செடிக்குத் தண்ணீர் விடும் புராஜெக்டுகளில் மண்ணில் குத்தும் இரண்டு பல் சென்சார் இருக்கிறதே, அதுவும் இப்படித்தான் அரித்துப் போகும். அதற்கு வைத்தியம், கரண்டை எப்போதும் விடாமல் அளக்கும் நொடியில் மட்டும் விடுவது. சென்சாரின் 5 வோல்ட் ஒயரைப் போர்டின் ஒரு காலில் மாட்டி, அளப்பதற்கு முன் அந்தக் காலைப் போட்டு, அளந்ததும் அணைத்துவிடலாம். நானும் செம்புக்குப் பதில் எவர்சில்வர் ஸ்பூன் காம்பை மாட்டி, இரண்டு விநாடிக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கும்படி மாற்றிக் கொஞ்ச நாள் ஓட்டினேன். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "தண்ணிக்குள்ள கரண்டை ஏம்மா விடறே?" என்று கேட்டார். மிதவை சுவிட்ச் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிளாஸ்டிக் தண்டுக்குள் காந்தத்துக்கு ஒட்டும் சுவிட்ச், வெளியே மிதக்கும் வளையத்துக்குள் காந்தம். தண்ணீர் ஏறினால் வளையம் ஏறும், சுவிட்ச் ஒட்டும். கரண்டு தண்ணீரைத் தொடுவதே இல்லை. போர்டுக்கு இதுவும் ஒரு பட்டன்தான். புரோகிராமில் ஒரு வரியும் மாற்றவில்லை. பட்டனில் தகடு துள்ளியது, இங்கே குழாயிலிருந்து விழும் தண்ணீரின் அலையில் வளையம் துள்ளுகிறது, அவ்வளவே வித்தியாசம். இரண்டு விநாடிப் பொறுமை இதற்கும் போதுமானதாக இருந்தது. மேலே ஒன்று, பாதித் தொட்டியில் ஒன்று, ஆக இரண்டு மிதவை.

இந்தக் கட்டத்தில்தான் எனக்கு ஆசை முற்றியது. பஸர் கத்தி நான் ஓடிப்போய் அணைப்பதற்குப் பதில், மோட்டாரே தானாக ஓடி நிற்கட்டுமே. கூடவே ஒரு நிபந்தனை. கடலோரத்து போர், விடாமல் இழுத்தால் தண்ணீர் கரிக்கத் தொடங்கும். ஆகவே இருபது நிமிடம் ஓடியும் தொட்டி நிரம்பாவிட்டால் மோட்டார் நின்று பத்து நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். மோட்டார் இருக்கும் இடத்தில் முதலில் ஒரு எல்.இ.டி.யை வைத்து மேசைமேல் ஓட்டிப் பார்க்கச் சொன்னான் அக்கா மகன். அவன் சொன்னதிலேயே உருப்படியான யோசனை அதுதான்.

ஓய்வுக்கு நான் எழுதியது, சும்மா காத்திரு என்று சொல்லும் டிலே என்ற கட்டளையைப் போட்டு அடைப்புக்குள் 10 பெருக்கல் 60 பெருக்கல் 1000. பத்து நிமிடம், நிமிடத்துக்கு அறுபது விநாடி, விநாடிக்கு ஆயிரம் மில்லி செகண்ட். ஆறு லட்சம். கணக்கில் பிழையே இல்லை. ஓட்டினேன். எல்.இ.டி. அணைந்தது. ஒரு டீ போட்டுக்கொண்டு வரலாம் என்று எழுந்தேன், அடுப்பைப் பற்றவைப்பதற்குள் திரும்ப எரிந்துவிட்டது. போனில் நேரம் பார்த்து மறுபடி ஓட்டினேன். பத்து விநாடி. மறுபடி. பத்து விநாடியும் கொஞ்சமும். எங்கோ 60 விட்டுப்போயிற்றோ என்று பார்த்தால் வரி அப்படியே இருக்கிறது. சீரியல் மானிட்டரில் அந்தப் பெருக்கலின் விடையை எழுதச் சொன்னேன். 10176 என்று வந்தது.

வேலையில் ஒரு கூட்டல் உதைத்தால் வித்தியாசத்தை எடுத்து, அது 9ஆல் வகுபடுகிறதா என்று பார்ப்போம். வகுபட்டால் எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கிறது. அதே புத்தியில் 600000இலிருந்து 10176ஐக் கழித்தேன். 589824. இதுவும் 9ஆல் வகுபடுகிறது! ஈவு 65536. அந்த எண்ணை எங்கோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. அப்போதுதான் தெரிந்தது, இந்தச் சிப்பில் சாதாரண முழு எண்ணுக்கு இரண்டு பைட்தான் இடம். அதில் எழுத முடிந்த பெரிய எண் 32767. அதைத் தாண்டினால் ஆட்டோ மீட்டர் கடைசி இலக்கம் முடிந்து முதலிலிருந்து சுற்றுவதுபோல் 65536 எண் கொண்ட ஒரு சக்கரத்தில் சுற்ற ஆரம்பித்துவிடும். என் ஆறு லட்சம் ஒன்பது முழுச் சுற்றுச் சுற்றி, மிச்சம் 10176இல் வந்து நின்றிருக்கிறது. 10 என்ற எண்ணுக்குப் பின்னால் யு.எல். என்று இரண்டு எழுத்தை ஒட்டினால் சிப் அதற்கு நான்கு பைட் இடம் கொடுத்துக் கணக்குப் போடும். ஒட்டினேன். டீ போட்டுக் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்த பிறகும் எல்.இ.டி. அணைந்தே இருந்தது.

நாம் எழுதுவதைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் இதை முன்கூட்டியே எச்சரிக்கக்கூடியதுதான். ஆனால் ஆர்டுயினோ மென்பொருளில் எச்சரிக்கை எல்லாம் வாயைக் கட்டி வைக்கப்பட்டிருக்கும். பிரிஃபரன்சஸ் பக்கத்தில் கம்பைலர் வார்னிங்ஸ் என்ற இடத்தில் 'நன்' என்றிருப்பதை 'ஆல்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். இன்றைக்கே மாற்றிக்கொள்ளுங்கள்.

மேசைமேல் எல்லாம் சரியான பிறகு அண்ணனை வீட்டுக்கு அழைத்தேன். போர்டு சொன்னபடி பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்சான ரிலே ஒன்றை, நீல நிறத்தில், நான் வாங்கி வைத்திருந்தேன். அதைப் பார்த்தார். அதன் முதுகில் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று எழுதியிருக்கும். "மோட்டார் ஒரு எச்.பி. தானேண்ணே, ஓடும்போது அஞ்சாறு ஆம்பியர்தானே" என்றேன். "ஓடும்போது அஞ்சு. கிளம்பும்போது அதைப் போல அஞ்சு மடங்கு இழுக்கும். இந்தக் குட்டித் தகடு ரெண்டும் உருகி ஒட்டிக்கும். ஒட்டிடுச்சுன்னா உன் புரோகிராம் ஆஃப்ன்னு கத்தினாலும் மோட்டார் நிக்காது." அதனால் மோட்டாரை இழுக்க ஒரு கான்டாக்டர், அதாவது மோட்டார் கரண்டைத் தாங்கும் பெரிய ரிலே, அந்தக் கான்டாக்டரை இழுக்கும் காயிலுக்கு மட்டும் கரண்ட் கொடுக்க என் ரிலே. 230 வோல்ட் பக்கம் முழுவதும் தனிப் பெட்டி, அதில் நான் கை வைக்கவில்லை. நீங்களும் வைக்காதீர்கள், தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். ஒரு விஷயத்தில் அண்ணன் பிடிவாதமாக இருந்தார். ஆட்டோ, மேனுவல் என்று ஒரு மாற்று சுவிட்ச் கட்டாயம் வேண்டும். "உன் போர்டு செத்தாலும் வீட்டுல தண்ணி ஏறணும்." மாமியாருக்கு இந்த ஏற்பாட்டில் பிடித்த ஒரே பகுதி அந்த சுவிட்ச்தான்.

மாட்டிய மூன்றாம் நாள் கரண்ட் போய் வந்தது. தொட்டி நிறைந்து இருக்கிறது, மிதவை மேலே இருக்கிறது, ஆனால் கான்டாக்டர் டபக்கென்று ஒட்டி மோட்டார் மூன்று விநாடி ஓடி நின்றது. ஒவ்வொரு முறை கரண்ட் வரும்போதும் இதே கதை. இந்த ரிலே மாட்யூல்களில் பெரும்பாலானவை தலைகீழ். 0 கொடுத்தால் போடும், 1 கொடுத்தால் அணைக்கும். செட்டப்பில் அந்தக் காலை அவுட்புட் என்று அறிவித்த மறுகணமே அது 0இல் வந்து நிற்கும், அதாவது ரிலே ஆன். நான் அதற்குக் கீழே விளக்கெல்லாம் எரிகிறதா என்று பார்க்க மூன்று விநாடி ஒதுக்கி, அதற்குப் பிறகுதான் அணை என்று எழுதியிருந்தேன். தீர்வு இரண்டு வரியை இடம் மாற்றுவது: முதலில் அந்தக் காலுக்கு 1 என்று எழுதிவிட்டு, பிறகு அவுட்புட் என்று அறிவிக்க வேண்டும்.

இன்னொன்று, கான்டாக்டர் விடும்போதெல்லாம் போர்டு தானாக ரீசெட் ஆனது. காயில் அணையும்போது எழும் மின் அதிர்ச்சி ஒயர் வழியாகவும் காற்று வழியாகவும் போர்டைத் தாக்குகிறது. அண்ணன் காயிலுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரையும் 100 ஓம் ரெசிஸ்டரையும் தொடராகப் போட்டார், கெப்பாசிட்டர் மெயின்ஸ் லைனுக்கென்றே செய்த வகை. நான் ரிலேக்கு போர்டின் காலிலிருந்து எடுத்த 5 வோல்ட்டை நிறுத்தி, சார்ஜரிலிருந்தே தனி ஒயர் இழுத்தேன். இரண்டில் எது குணப்படுத்தியது என்று சொல்ல முடியாது, ஒரே நாளில் இரண்டையும் செய்துவிட்டோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று மற்றவர்களுக்குச் சொல்கிறேன், நான் கடைப்பிடித்ததாக நினைவில்லை.

கடல் காற்றைப் பற்றி ஒரு பத்தி. பிரெட்போர்டில் செருகிய ஒயர் முனைகள் மூன்று மாதத்தில் கறுத்தன. காலையில் வேலை செய்யும், ஈரக் காற்று வீசும் ராத்திரியில் செய்யாது. பிரெட்போர்டு சோதனைக்குத்தான். முடிந்த வேலையை டாட் போர்டில் சால்டர் வைத்து, எலக்ட்ரீஷியன்கள் போடும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைக்க வேண்டும். ஒயர் பெட்டியின் அடிப்பக்கமாக நுழைய வேண்டும், நுழையுமுன் கீழே தொங்கி ஒரு வளைவு எடுத்து மேலே ஏற வேண்டும். அப்போது ஒயர் வழியே வழியும் மழைத்தண்ணீர் வளைவில் சொட்டிவிடும். மிச்ச ஓட்டையை அடையுங்கள். பல்லிக்கு அந்தக் கதகதப்பு ரொம்பப் பிடிக்கிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் வருகிறார்கள். எல்லோருக்கும் எடுத்தவுடன் ரோபோ கார் வேண்டும், இல்லாவிட்டால் வைஃபை உள்ள இ.எஸ்.பி.32. அது நல்ல சிப்தான், ஆனால் 3.3 வோல்ட்டில் ஓடுவது. 5 வோல்ட் சென்சாரின் ஒயரை நேராக அதில் செருகினால் கால் போய்விடக்கூடும், வைஃபை வேலை செய்யாவிட்டால் தப்பு ஒயரிலா ரௌட்டரிலா கோடிங்கிலா என்று பிள்ளைக்குத் தெரியாது. நான் கேட்பது, உங்கள் வீட்டில் தினமும் எரிச்சல் தருவது எது? ஒரு பையன், பாட்டி ஃபிரிட்ஜ் கதவைச் சரியாக மூடுவதில்லை என்றான். ஒரு காந்தம், ஒரு சுவிட்ச், ஒரு பஸர். இரண்டு வாரத்தில் முடித்துவிட்டான். பாட்டி பஸரின் ஒயரைப் பிடுங்கிவிட்டதாகக் கேள்வி.

என் புரோகிராமில் கடைசியாகத் திருத்தியது டிலேயை. பத்து நிமிடம் டிலேயில் நின்றால் சிப் அந்தப் பத்து நிமிடமும் தூங்குகிறது, மிதவையையும் பார்ப்பதில்லை, சுவிட்சையும் பார்ப்பதில்லை. மில்லிஸ் என்று ஒன்று இருக்கிறது, போர்டுக்கு உயிர் வந்ததிலிருந்து எத்தனை மில்லி செகண்ட் ஆயிற்று என்று சொல்லும். ஓய்வு தொடங்கியபோது அதைக் குறித்துக்கொண்டு, லூப்பில் ஒவ்வொரு சுற்றிலும் பார்த்துக்கொண்டே மற்ற வேலையையும் செய்யலாம். ஓய்வு எப்போது முடியும் என்ற நேரத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு, அதைத் தாண்டிவிட்டோமா என்று பார்க்கும்படி எழுதினேன். அக்கா மகன் பார்த்துவிட்டு, "சித்தி, 49 நாள் 17 மணி நேரம் ஆனா மில்லிஸ் சுத்திக்கிட்டு 0க்கு வரும். அந்த நேரத்துல உன் ஓய்வு கேன்சல் ஆயிடும்" என்றான். மறுபடியும் சக்கரம், இந்தத் தடவை பெரியது. இப்போதைய நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழித்து, வித்தியாசம் பத்து நிமிடம் ஆயிற்றா என்று பார்த்தால் சக்கரம் சுற்றினாலும் கழித்தல் சரியாகவே வருமாம்.

மாற்றி எழுதினேன். ஆனால் கணக்குப் பிள்ளைக்கு 'சரியாகவே வருமாம்' போதாது. தினசரிக் காலண்டரில் ஐம்பதாம் நாளைச் சிவப்பு மையில் சுழித்து வைத்துக் காத்திருந்தேன். முப்பத்தோராம் நாள் பராமரிப்புக்கு என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை கரண்ட் இல்லை. மில்லிஸ் 0. திரும்பக் குறித்தேன். இருபத்திரண்டாம் நாள் இடி மழையில் போயிற்று. எங்கள் தெருவில் தொடர்ந்து ஐம்பது நாள் கரண்ட் இருந்தால் பார்க்கலாம்.

கடைசியில், மில்லிஸ் சொல்லும் எண்ணோடு 4294960000ஐக் கூட்டிக்கொள் என்று சோதனைக்காக ஒரு வரி எழுதினேன். சக்கரம் 4294967296இல் சுற்றும், ஆக ஏழு விநாடியும் கொஞ்சமும்தான் பாக்கி. ஓய்வை முப்பது விநாடியாகக் குறைத்து, தொடங்கியதுமே ஓய்வு என்று வைத்து, மோட்டார் இடத்தில் பழைய எல்.இ.டி.யை மாட்டினேன். டீ குடிக்க வந்திருந்த அண்ணனும் டம்ளரோடு வந்து நின்றார். நான் போனைப் பார்த்து எண்ணினேன். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலண்ணே."

முப்பதாவது விநாடியில் எல்.இ.டி. எரிந்தது.